பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: வீடு மாற்றித் தரும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் பிற ஊர்களிலும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நங்கநல்லூரில் ஒரே வாடகை வீட்டில், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில், 22 வருடம் குடியிருந்தேன். கணவர் காலமான பிறகு சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்து, 2025 மே மாதக் கடைசியில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். என் சாமான்களை ஏற்றி வந்த நிறுவனத்தின் மீது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அது நடந்துகொண்டிருக்கிறது. அதனால் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் கதையைக் கேட்ட உறவினர், பழைய சக ஆசிரியர்கள், பக்கத்து வீட்டார் என்று பத்துப் பேரில் ஆறேழு பேர், "எங்களுக்கும் இதேதான்" என்றார்கள். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் ஒரு படிவத்தில் என் எண்ணைப் பதிந்த கால் மணி நேரத்தில் ஏழு அழைப்புகள் வந்தன. அவற்றில் மரியாதையாகப் பேசிய ஒருவரிடம் ஒப்புக்கொண்டேன். "சர்வே பண்ணணுமே, வீட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். "தேவையில்ல மேடம், வீடியோ கால்ல காட்டுங்க, போதும்" என்றார். கூடம், இரண்டு அறை, சமையலறை என்று போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பரணைக் காட்டப் போனபோது, "அதெல்லாம் அன்னிக்குப் பாத்துக்கலாம் மேடம்" என்றார். 26,000 ரூபாய், எல்லாம் சேர்த்து. முன்பணம் 5,000. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதில் என் பெயரும் தொகையும் இருந்தன. சாமான்களின் பட்டியல் இல்லை.

மே 27, செவ்வாய்க்கிழமை. கத்திரி முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. 14 அடி வண்டி ஒன்றும் மூன்று ஆட்களும் வந்தார்கள். நான்கு மணிக்கு வண்டி நிரம்பிவிட்டது. பரணில் இருந்தவை அப்படியே இருந்தன: பித்தளை அண்டா, தவலை, என் அம்மாவின் கொலு பொம்மைகள் இருந்த இரண்டு ட்ரங்குப் பெட்டி, கணவரின் புத்தகப் பெட்டிகள் ஒன்பது. சூப்பர்வைசர் போனை என்னிடம் கொடுத்தார். "எக்ஸ்ட்ரா லோடு மேடம். 44,000 ஆகும். இல்லன்னா இறக்கி வச்சிட்டுப் போயிடுவாங்க."

அந்த நேரத்தில் என் நிலையை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பீரோவும் கட்டிலும் ஊஞ்சலும் வண்டிக்குள் அடியில் போய்விட்டன. வீட்டுச் சாவியை அன்று மாலை ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயின்டரோடு கீழே நிற்கிறார். இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த நிலையில் நான் யாரிடம் பேரம் பேசுவது? காலையில் ஒரு பெட்டியும் ஏறாமல் இருந்தபோது 44,000 என்று சொல்லியிருந்தால் நான் வேறொருவரைத் தேடியிருப்பேன், அல்லது அண்டாவை யாருக்காவது கொடுத்துவிட்டு லோடைக் குறைத்திருப்பேன், அல்லது சரி என்று ஒப்புக்கொண்டும் இருப்பேன். அது என் முடிவாக இருந்திருக்கும். பாதி வீடு வண்டியில் ஏறிய பிறகு சொன்னால் அதை விலை என்று நான் ஏற்க மாட்டேன்.

பணத்தை அனுப்பினேன். மிச்சச் சாமான்கள் ஒரு குட்டி யானையில் ஏறின.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குள் பால் காய்ச்ச நேரம் குறித்திருந்தோம். என் தங்கை சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள் எல்லாம் தயாராக வைத்திருந்ததால் அடுப்பு மட்டும் கடன் வாங்கிப் பால் காய்ச்சினோம். வண்டி வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. போன் செய்தால், "பார்ட் லோடு மேடம், மதுரையில ஒரு பார்ட்டிக்கு இறக்கிட்டு வரும்" என்கிறார்கள். பார்ட் லோடு என்று ஒப்பந்தத்தின்போது யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் வேறு ஒரு குரல், வேறு ஒரு எண்: "டோல், இ-வே பில், இறக்குக் கூலி சேர்த்து 6,800 ஜிபே பண்ணுங்க, அப்பத்தான் வண்டி கிளம்பும்." அதையும் அனுப்பினேன். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வண்டி வந்தது.

அந்த 6,800-இல் 850 ரூபாய் இ-வே பில்லுக்காம், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்னணுச் சீட்டுக்கு. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில்லே தேவையில்லை. ஜிஎஸ்டி விதி 138-இன் இணைப்பில் விலக்குப் பட்டியலில் அது இருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே தெரியும்.

இப்போது உடைந்ததைப் பற்றி. கொலு பொம்மைகளை நானே ஒவ்வொரு வருடமும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இடையே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து எடுத்து வைப்பேன். என் அம்மா பண்ருட்டியில் வாங்கியவை அவை. நாற்பது வருடத்தில் ஒரு மூக்கு உடைந்ததில்லை. அந்த ட்ரங்குப் பெட்டிகள் குட்டி யானையில் குடோனுக்குப் போய், அங்கே வேறு லாரிக்கு மாறி, கிரைண்டருக்குக் கீழே வந்திருந்தன. திறந்தபோது பதினேழு பொம்மைகள் உடைந்திருந்தன. செட்டியார் இருக்கிறார், அவர் பக்கத்தில் உட்கார ஆச்சி இல்லை. கடையில் வேறு ஆச்சி வாங்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள்.

முன்னதாக 'இன்சூரன்ஸ்' என்று சொல்லி, இரண்டு லட்ச ரூபாய் மதிப்புக்கு மூன்று விழுக்காடாக 6,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். இழப்பீடு கேட்டபோது முதலில், "நீங்க பேக் பண்ண பெட்டிக்கு கிளைம் கிடையாது" என்றார்கள். பாலிசி எண்ணைக் கேட்டேன். எந்தக் காப்பீட்டு நிறுவனம் என்று கேட்டேன். பதில் இல்லை, ஏனென்றால் பாலிசியே இல்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஓனர் ரிஸ்க்' என்று இருந்தது, அதாவது சேதமானால் சாமானுக்கு உரியவரே பொறுப்பு. ஐயா, இந்த நாட்டில் காப்பீடு விற்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு செய்த நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமை உண்டு. நீங்கள் பாலிசி எடுத்துக் கொடுங்கள். அல்லது சேதத்துக்கு நாங்களே பொறுப்பு, அதற்கு இவ்வளவு கட்டணம் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டும் இல்லாமல் 'இன்சூரன்ஸ்' என்ற சொல்லை மட்டும் விற்காதீர்கள். அரைத் தூக்கத்தில் பெட்டி கட்டும் மனிதர்கள் அந்தச் சொல்லை நம்பித்தான் நிம்மதியாக ரயில் ஏறுகிறார்கள்.

அடுத்ததாகச் சொன்ன பதில், "லாரி எங்களோடது இல்ல மேடம், நாங்க புக்கிங் மட்டும்தான்." இதை என்னிடம் சொன்னது போல எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2011 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சரக்குப் புக்கிங் செய்யும் நிறுவனம், ஒப்பந்தக்காரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அந்தச் சட்டத்தில் சரக்கை ஏற்றிச் செல்பவர்தான். பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த வேண்டும். வாடிக்கையாளர் சரக்கின் விவரத்தையும் மதிப்பையும் எழுதித் தர வேண்டும். நீங்கள் அதற்குச் சரக்கு ரசீது தர வேண்டும். நாங்கள் எல்.ஆர். என்று சொல்கிறோமே, அந்தத் தாள். மதிப்பைக் கூட்டி எழுதி அதற்குரிய கட்டணமும் கட்டாவிட்டால், உங்கள் பொறுப்பு வண்டி வாடகையின் பத்து மடங்கு வரை மட்டுமே என்று விதி உங்களுக்குப் பாதுகாப்பும் தந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை அனுபவிக்கிறவர்கள் ரசீதையும் கொடுத்துவிடலாம் அல்லவா?

இதைப் படிக்கும் வாடிக்கையாளர்களுக்காக இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நாள் தவறினால் வழக்கே போய்விடும் என்பதால். சாமான் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள், என்ன தொலைந்தது, என்ன உடைந்தது என்று நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் போயாக வேண்டும். போனில் சண்டை போட்டது கணக்கில் வராது. நான் ஜூலையில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே வழி பிறக்கிறது, எனக்குப் பிறக்கவில்லை.

மறுபடி உங்களிடம் வருகிறேன். நான் இவ்வளவும் யோசித்துப் பார்த்ததில், உடைந்த பொம்மையும் தாமதமும் கூடுதல் பணமும் தனித்தனிக் குறைகளாக எனக்குத் தெரியவில்லை. எல்லாம் அந்த முதல் போன் அழைப்பில் பிறந்தவை. ஆர்டர் கை நழுவிவிடக் கூடாது என்று 26,000 சொன்னீர்கள். அந்த விலைக்குச் சின்ன வண்டிதான் வரும், மூன்று ஆட்கள்தான் வருவார்கள். ஐந்து பேர் செய்யும் வேலையை மூன்று பேர் செய்தால் அவசரம்தான் மிஞ்சும். வண்டி போதாமல் போனதும் இரண்டாவது வண்டி, குடோன், லாரி மாற்றம், ஒன்றின் மேல் ஒன்று. பொம்மை கிரைண்டருக்கு அடியில் போனது கிரைண்டரைத் தூக்கியவரின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பரணைப் பார்க்காதே என்று சொன்னவரின் குற்றம் அது.

அந்த மூன்று பேரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மூவரும் நல்லவர்கள். ஒருவர் என் ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றி, எந்தக் கொக்கி எந்தப் பக்கம் என்று நூல் கட்டி அடையாளம் வைத்தார், யாரும் சொல்லவில்லை. பீரோவை இரண்டு பேராக மாடிப்படி வளைவில் இறக்கியபோது எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. மோர் கொடுத்தபோது பெரியவர் சொன்னார்: "எங்களுக்குச் சொன்னது ஒரு பெட்ரூம் வீடுன்னும்மா. தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு பேர கூட்டியாந்திருப்போம்." ஆக, என்னிடம் சொன்னது ஒன்று, அவர்களிடம் சொன்னது இன்னொன்று. அந்த 44,000-இல் அவர்கள் கூலி ஒரு ரூபாயாவது கூடியதா என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. சுமை தூக்குகிறவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, நலவாரியம் இருக்கிறது. உங்கள் ஆட்களை அதில் பதிவு செய்திருக்கிறீர்களா? இடுப்பில் ஒரு பெல்ட், கையில் ஒரு ஜோடி உறை கொடுத்திருக்கிறீர்களா? பெரியவர் செருப்பில்லாமல்தான் பீரோவை இறக்கினார்.

இன்னொரு விஷயம், வேண்டாத சாமான்கள். உங்களில் பலர் இப்போது இதையும் தொழிலாகச் செய்கிறீர்கள். "பழசை விட்டுடுங்க, நாங்களே க்ளியர் பண்ணிடறோம், 3,000 ரூபா" என்றார்கள். ஓடாத ஃபிரிட்ஜ், பழைய குழாய் டிவி, ஒரு இரும்புக் கட்டில், கட்டுக் கட்டாகப் பேப்பர், என் இலவம்பஞ்சு மெத்தை. நிதானமாக இருந்திருந்தால் இரும்பையும் பேப்பரையும் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்து, காசு வாங்கியிருப்பேன். காலி செய்கிற நாளில் நிதானம் எங்கே? காசு கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் இரண்டாவது வாரம் பழைய வீட்டின் கீழ்த்தளத்து அம்மா போன் செய்தார். வீராங்கால் ஓடைக் கரையில் ஒரு மெத்தை கிடக்கிறது, உங்களுடையதா என்று கேட்டார். என் பழைய சுங்கடிப் புடவையில் நானே தைத்த உறை அது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த ஓடை ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மழைக்காலத்தில் அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்தப் பகுதியில் குடியிருந்த எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்பும் செம்பும் விலைக்குப் போயிருக்கும். ஃபிரிட்ஜின் குழாயை எங்கோ வெட்டியிருப்பார்கள், உள்ளிருந்த வாயு காற்றில் போயிருக்கும். யாரும் வாங்காத மெத்தை ஓடைக்கு வந்துவிட்டது. நான் கொடுத்த 3,000 ரூபாய் அந்த மெத்தையை இரண்டு தெரு தள்ளிப் போடுவதற்கான கூலி.

2025 அக்டோபரிலிருந்து சென்னை மாநகராட்சி பழைய சோபா, மெத்தை, கட்டில் போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறது. 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்தால் போதும். எனக்கு அந்த வசதி நான்கைந்து மாதம் பிந்தி வந்தது. உங்களுக்கு அது இப்போது இருக்கிறது. காலி செய்யும் தேதி தெரிந்ததும் வாடிக்கையாளரிடம், "மெத்தைக்கு முந்தின சனிக்கிழமையே சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஃபிரிட்ஜ், டிவி போன்ற மின்கழிவுகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, அந்த ரசீதின் படத்தை அனுப்பி வையுங்கள். அப்படிச் செய்கிறவருக்கு 3,000 அல்ல, 4,000 கொடுக்கவும் நான் தயார்.

உங்களில் எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. என் தங்கை மகள் போன தை மாதம் அண்ணா நகரிலிருந்து தாம்பரத்துக்கு மாறினாள். சின்ன நிறுவனம், இரண்டு வண்டிதான். உரிமையாளரே ஒரு நோட்டோடு வந்தார். வந்தவர் சோபாவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "பரண்ல என்ன இருக்கும்மா?" என்று கேட்டாராம். பிறகு கட்டிலுக்கு அடியில், பால்கனியில், மொட்டை மாடியில் இருக்கும் தொட்டிச் செடிகள் வரை எழுதினார். மாடிப்படியின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார். புது வீட்டு வாசலில் வண்டி நிற்குமா, எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்று கேட்டார். கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். மற்றவர்கள் சொன்னதைவிட 4,000 அதிகம். தங்கை மகள் தயங்கியபோது, "இதுக்கு மேல ஒரு ரூபா கேட்க மாட்டேன்மா. பட்டியல்ல இல்லாத சாமான் வந்தா மட்டும், ஏத்தறதுக்கு முன்னாடி பேசிக்கலாம்" என்றார். கேட்கவும் இல்லை.

'ஏத்தறதுக்கு முன்னாடி.' நான் உங்களிடம் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றுவோருக்கு ஒரு கூட்டாட்சி விதி இருக்கிறது. எழுதிக் கொடுத்த உத்தேச மதிப்பீட்டில் 110 விழுக்காட்டைக் கொடுத்துவிட்டால், நிறுவனம் சாமானை இறக்கியாக வேண்டும். அதற்கு மேல் பாக்கி இருந்தால் பிறகு பில் அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். சாமானைப் பிடித்து வைக்கக் கூடாது. பிடித்து வைப்பதற்கு அங்கே 'பணயச் சரக்கு' என்றே பெயர். அப்படி ஒரு விதி இங்கேயும் வர வேண்டும் என்று அரசிடம் தனியாக எழுதியிருக்கிறேன். ஆனால் அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்தில் பத்துப் பேர் கூடி, பட்டியல் எழுதாமல் விலை சொல்வதில்லை, ஏற்றிய பின் விலை கூட்டுவதில்லை என்று தீர்மானம் போட்டு, அதை வண்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். 'ஐ.பி.ஏ. அங்கீகாரம்' (இந்திய வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரம்) என்று இல்லாததை எழுதுவதற்குப் பதிலாக இதை எழுதுங்கள். குறைந்த விலை சொல்கிறவரிடம் ஓடுகிறவர்கள் நாங்கள்தான், எனக்கும் அதில் பங்கு உண்டு. எது முழு விலை என்று தெரிந்தால் நாங்களும் வேறு மாதிரி தேர்ந்தெடுப்போம்.

ஒரு வீட்டை நீங்கள் வண்டியில் ஏற்றும்போது, அந்த வீட்டாருக்கு அன்று இரவு படுக்கப் பாய்கூட வெளியே இருக்காது. சாமி படத்தையும் மருந்துப் பையையும் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் தெரியாத டிரைவரின் எண் ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும். அந்த எண்ணை அன்று இரவு மட்டுமாவது அணைக்காமல் வைத்திருங்கள்.

என் மகளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆடிக்கு முன்பே போய்விட வேண்டும். மூன்று நிறுவனங்களிடம் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நானும் அன்று அங்கே இருப்பேன். பரணைக் கேட்கிறவருக்கு முன்பணம் கொடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்